டவர் வேண்டாம், சிம் வேண்டாம்... ஆனால் லைசென்ஸ் வேண்டுமா? வாக்கி டாக்கி பற்றி முழுசாகத் தெரிந்துகொள்வோம்!

பொங்கலை ஒட்டி காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரத்துக்கு எழுந்தருளும் பார்வேட்டை உற்சவம். காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கும் ஊர்களில் அன்றைக்குக் காலையிலிருந்தே பரபரப்பு தொற்றிக்கொள்ளும். பட்டுத் தறிகளின் ஊரான ஐயம்பேட்டையும் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. வீதியில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “பெருமாள் எங்க வந்துட்டார்?”

முன்னால் போன உறவினருக்கு போன் போட்டால் லைன் கிடைக்காது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் போன் பேசினால், வீடியோ அனுப்பினால், டவர் என்னதான் செய்யும்? அதே நேரத்தில், அருகில் நிற்கும் காவலரின் கையில் இருக்கும் கறுப்புப் பெட்டி ‘கர்ர்ர்’ என்று ஒருமுறை கரகரத்துவிட்டு, ஊர்வலம் எந்த இடத்தைத் தாண்டிவிட்டது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடும். டயல் செய்யவில்லை, ரிங் போகவில்லை. பட்டனை அழுத்தினார்கள், பேசினார்கள், அவ்வளவுதான்.

போலீஸார் தங்களுக்குள் ‘மைக்’ என்றே சொல்லும் அந்த வாக்கி டாக்கி, இப்போது திருமண மண்டபங்கள், பள்ளிக்கூடங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், கோயில் விழாக் குழுக்கள் என்று எல்லா இடங்களுக்கும் வந்துவிட்டது. ஆன்லைனில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்கு ஜோடியாகவே கிடைக்கிறது. ஆனால், அப்படி வாங்கிய பெட்டி உங்களைச் சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம் என்பது பலருக்குத் தெரியாது. இந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், சட்டம் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

ஒருவர் பேச, எல்லோரும் கேட்க!

செல்போனில் நீங்கள் பேசுவது நேராக எதிராளிக்குப் போவதில்லை. உங்கள் போனிலிருந்து டவருக்கு, டவரிலிருந்து கம்பெனியின் நெட்வொர்க்குக்கு, அங்கிருந்து இன்னொரு டவருக்கு, அதன் பிறகுதான் எதிராளியின் போனுக்கு. அடுத்த தெருவில் இருப்பவரிடம் பேசினாலும் இதே சுற்றுதான். நடுவில் ஒன்று படுத்தால் மொத்தமும் படுத்துவிடும்.

வாக்கி டாக்கியில் நடுவில் யாரும் இல்லை. ஒரு பெட்டியிலிருந்து கிளம்பும் ரேடியோ அலையை இன்னொரு பெட்டி நேரடியாகப் பிடித்துக்கொள்கிறது. அதே அலைவரிசையில் பத்துப் பெட்டிகள் இருந்தால் பத்தும் ஒரே நேரத்தில் கேட்கும். நூறு இருந்தால் நூறும் கேட்கும்.

தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிப்பவர்கள் வெகுதூரம் முன்னால் இருப்பார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்கள் தேருக்கு அடியில் இருப்பார்கள். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. ‘நிறுத்து’ என்ற ஒரு சொல் எல்லோருக்கும் ஒரே நொடியில் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொருவருக்காக போன் போட்டுச் சொல்லும் விஷயமா அது? இந்த மாதிரி இடங்களில்தான் வாக்கி டாக்கியின் அருமை தெரியும்.

இதில் ஒரு கட்டுப்பாடும் உண்டு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசும்போது கேட்க முடியாது. கேட்கும்போது பேச முடியாது. ஐயம்பேட்டைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கோர்வைப் புடவை நெய்யும்போது உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. நெய்பவரும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் துணையாளும் முறை வைத்துத்தான் நாடாவைக் கோக்க வேண்டும். இருவரும் முறை தவறினால் கரையும் உடலும் சேராது. வாக்கி டாக்கி பேச்சும் அதேபோலத்தான். ‘நான் முடித்துவிட்டேன், இனி உன் முறை’ என்று சொல்வதற்குத்தான் அந்தப் புகழ்பெற்ற ‘ஓவர்’!

போர்க்களத்தில் பிறந்தது

1930-களின் கடைசியில் கனடாவில் டொனால்ட் ஹிங்ஸ், அமெரிக்காவில் ஆல் கிராஸ் என்ற இருவர் தனித்தனியாகக் கையில் எடுத்துச் செல்லும் இருவழி ரேடியோக்களை உருவாக்கினார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் அதன் தேவை பல மடங்கு பெருகியது.

அந்தப் போரில் அமெரிக்க ராணுவத்துக்காக மோட்டோரோலா நிறுவனம் இரண்டு ரேடியோக்களைத் தயாரித்தது. ஒன்று முதுகில் மாட்டிக்கொள்ளும் எஸ்.சி.ஆர்-300. எடை சுமார் 16 கிலோ. ஏறக்குறைய 5 கிலோமீட்டர் வரை பேசலாம். ‘வாக்கி டாக்கி’ என்று பரவலாக அழைக்கப்பட்டது இந்த முதுகுப் பெட்டிதான். இன்னொன்று கையில் பிடிக்கும் எஸ்.சி.ஆர்-536. எடை 2 கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். அதன் பெயர் ‘ஹேண்டி டாக்கி’. ஆன்டெனாவை வெளியே இழுத்தால் ஆன் ஆகும். உள்ளே தள்ளினால் ஆஃப். தனியாக சுவிட்ச் கிடையாது.

இன்று நாம் கையில் பிடித்துக்கொண்டு ‘வாக்கி டாக்கி’ என்று சொல்வது, உண்மையில் அந்த ‘ஹேண்டி டாக்கி’யின் வாரிசு. பெயர் மட்டும் முதுகுப் பெட்டியிடமிருந்து வந்துவிட்டது!

வெளியே என்னென்ன இருக்கிறது?

ஒரு சாதாரண வாக்கி டாக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேல்பக்கம் ரப்பர் உறை போட்ட குட்டை ஆன்டெனா. பக்கத்தில் இரண்டு திருகுகள். ஒன்று ஆன்-ஆஃப் மற்றும் சத்தத்துக்கு, இன்னொன்று சேனல் மாற்ற. கையுறை போட்ட கையாலும், இருட்டில் தடவிப் பார்த்தும் திருப்ப வேண்டும் என்பதால்தான் இன்னமும் டச் ஸ்கிரீன் வைக்காமல் திருகு வைக்கிறார்கள்.

இடப்பக்கம், கட்டைவிரல் இயல்பாகப் போய் உட்காரும் இடத்தில் பெரிய பட்டன் ஒன்று. ‘பி.டி.டி.’ என்பார்கள். அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இந்த ஒரு பட்டன்தான் பெட்டியின் உயிர். பேசும்போது மேலே இருக்கும் சின்ன விளக்கு சிவப்பாகவும், செய்தி வரும்போது பச்சையாகவும் எரிவது வழக்கம்.

வலப்பக்கம் ரப்பர் மூடியைத் திறந்தால் காது மாட்டியோ, தோளில் குத்திக்கொள்ளும் மைக்கோ செருகும் துளைகள். மேளதாளத்துக்கும் வெடிச் சத்தத்துக்கும் நடுவே வேலை பார்ப்பவர்களுக்கு அந்தக் காது மாட்டி இல்லாமல் முடியாது. பின்பக்கம் பேட்டரி, இடுப்பு பெல்ட்டில் மாட்டும் கிளிப்.

பெட்டியின் மேல் ‘ஐ.பி.67’ என்று எழுதியிருந்தால் கவனியுங்கள். முதல் எண் 6 என்றால் தூசு உள்ளே போகாது. அடுத்த எண் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மழையில் வேலை செய்பவர்களுக்கு கேமராவும் டார்ச்சும் முக்கியமில்லை. இந்த எண்தான் முக்கியம்.

பிரித்துப் பார்த்தால்...

நல்ல வாக்கி டாக்கி கையில் கொஞ்சம் கனமாக இருக்கும். காரணம், உள்ளே இருக்கும் அலுமினியச் சட்டம். பேசும்போது அலையை அனுப்பும் டிரான்சிஸ்டர் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கி வெளியே கடத்துவது இந்தச் சட்டம்தான். கீழே விழுந்தால் சர்க்யூட் போர்டு உடையாமல் காப்பதும் இதுவே.

அந்த போர்டில் மூன்று பகுதிகள் இருக்கின்றன.

முதலாவது, தாளம் போடும் பகுதி. சின்னஞ்சிறு குவார்ட்ஸ் படிகம் ஒன்று, நிலையான வேகத்தில் அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வை அளவுகோலாக வைத்து, வேண்டிய அலைவரிசையை இன்னொரு சர்க்யூட் உருவாக்கும். 446 மெகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 44.6 கோடி முறை அதிர்வு. தாளம் கொஞ்சம் தப்பினாலும் பக்கத்துச் சேனலில் போய் இடிக்கும். வெயில், குளிர் எதுவானாலும் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வதில்தான் விலை குறைந்த பெட்டிக்கும் தரமான பெட்டிக்கும் வித்தியாசம்.

இரண்டாவது, அனுப்பும் பகுதி. நீங்கள் பேசியதும் மைக் அதை மின்சாரமாக மாற்றும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அலைவரிசையும் மிகச் சிறிய அளவில் ஏறி இறங்கும். நம் எஃப்.எம். ரேடியோவில் நடப்பதும் இதேதான். இதனால்தான் இரைச்சல் குறைவாக, குரல் தெளிவாக இருக்கிறது. பிறகு அந்த அலையின் பலத்தைக் கூட்டி, வேண்டாத கிளை அலைகளை வடிகட்டிவிட்டு, ஆன்டெனாவுக்கு அனுப்பும். இந்த வடிகட்டியில் காசு மிச்சம் பிடித்த பெட்டிகள், தங்களுடைய சேனலோடு நிற்காமல் வேறு அலைவரிசைகளிலும் குப்பையைக் கொட்டும்.

மூன்றாவது, கேட்கும் பகுதி. ஆன்டெனாவில் வந்து சேரும் அலை மிக மிக பலவீனமானது. ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கைவிடக் குறைவான சிக்னலைக்கூட நல்ல ரேடியோ பிடித்துவிடும். அதைப் படிப்படியாக வடிகட்டி, பலம் கூட்டி, மறுபடியும் குரலாக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். ஒரு காலத்தில் இதற்குப் பல பாகங்கள் தேவைப்பட்டன. இன்று விலை குறைந்த பெட்டிகளில் விரல் நகத்தைவிடச் சிறிய ஒரே சிப் பெரும்பாலான வேலையைச் செய்துவிடுகிறது. விலை இவ்வளவு குறைந்ததற்கு அதுதான் காரணம்.

யாரும் பேசாத நேரத்தில் ரேடியோவில் ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் வர வேண்டுமே, ஏன் வருவதில்லை? அதற்கு ‘ஸ்குவெல்ச்’ என்ற வாயிற்காப்போன் உள்ளே இருக்கிறது. உண்மையான சிக்னல் வந்தால் மட்டும் ஸ்பீக்கரைத் திறந்துவிடும். மற்ற நேரத்தில் வாயை மூடி வைக்கும். பேச்சு முடியும்போது ‘கர்ர்க்’ என்று கேட்கிறதே, அது இந்தக் கதவு மூடுவதற்கு முன் எட்டிப் பார்க்கும் இரைச்சல்தான்.

ஏன் இவ்வளவு குட்டை ஆன்டெனா?

அலையின் நீளத்தில் கால் பங்கு இருந்தால் ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர். கால் பங்கு என்றாலே 50 சென்டிமீட்டர். அவ்வளவு நீளக் கம்பியை இடுப்பில் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் நடந்தால் பக்கத்தில் இருப்பவர் கண் போய்விடும். அதனால் கம்பியை ஸ்பிரிங் போலச் சுருட்டி, மேலே ரப்பர் உறை போட்டார்கள். வசதி கிடைத்தது, திறன் கொஞ்சம் குறைந்தது. 446 மெகாஹெர்ட்ஸில் கால் பங்கு 17 சென்டிமீட்டர்தான் என்பதால் அங்கே இந்த இழப்பு குறைவு.

ஒரு முக்கிய எச்சரிக்கை: ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு பி.டி.டி. பட்டனை அழுத்தவே கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி உள்ளேயே திரும்பி, அனுப்பும் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடலாம்.

‘10 கிலோமீட்டர் கேட்கும்’ - உண்மையா?

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். இந்த அலைவரிசைகள் பெரும்பாலும் நேர்கோட்டில்தான் பயணிக்கும். பூமி உருண்டை என்பதால், ஒன்றரை மீட்டர் உயரத்தில் பெட்டியைப் பிடித்தால் அடிவானம் சுமார் 4.4 கிலோமீட்டரில் முடிந்துவிடும். எதிரே இருப்பவரும் அதே உயரத்தில் பிடித்திருந்தால், மரமோ வீடோ இல்லாத வெட்டவெளியில் 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதுவும் கணக்குக்குத்தான். கான்கிரீட் வீடுகள் நெருங்கிய ஊருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல விஷயம்.

தூரத்தைக் கூட்ட சிறந்த வழி, வாட்ஸைக் கூட்டுவது அல்ல, உயரத்தைக் கூட்டுவது. காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் உயரம் ஏறக்குறைய 190 அடி. அந்த உயரத்தில் இருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 27 கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். தரையில் பிடித்த பெட்டிக்கு 4.4 தான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! போலீஸ் வயர்லெஸ் ஆன்டெனாக்களை உயரமான கட்டடங்களிலும் மலை உச்சிகளிலும் வைப்பதன் ரகசியம் இதுதான். ‘ரிப்பீட்டர்’ என்ற அந்தக் கருவி, கீழே இருந்து வரும் பலவீனமான குரலைப் பிடித்து, பலமாக மறு ஒலிபரப்பு செய்யும்.

இப்போது ‘இந்தியா முழுக்கப் பேசலாம்’ என்ற விளம்பரத்தோடு சில வாக்கி டாக்கிகள் விற்பனைக்கு வருகின்றன. அவற்றில் சிம் கார்டு போட வேண்டும். தோற்றத்தில் வாக்கி டாக்கி, உள்ளே செல்போன். டவர் படுத்தால் இதுவும் படுத்துவிடும். வாங்கும்முன் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

‘பிரைவசி கோட்’ போட்டால் ரகசியமா?

பல பெட்டிகளில் ‘பிரைவசி கோட்’ என்று ஒரு வசதி இருக்கும். பேசும்போது தாழ்ந்த ஒலி ஒன்றையும் சேர்த்து அனுப்பும். அதே ஒலியை செட் செய்திருக்கும் பெட்டிகள்தான் கதவைத் திறக்கும். இதனால் அடுத்த குழுவின் பேச்சு உங்கள் காதில் விழாது. ஆனால், உங்கள் பேச்சை மற்றவர்கள் கேட்பதை இது தடுக்காது. கோட் போடாத எந்தப் பெட்டியிலும் உங்கள் பேச்சு அப்படியே கேட்கும். எனவே வங்கி விவரம், வீட்டுச் சாவி இருக்கும் இடம், ‘குழந்தை தனியாக இருக்கிறது’ போன்ற எதையும் வாக்கி டாக்கியில் சொல்லாதீர்கள்.

டிஜிட்டல் வாக்கி டாக்கிகள் குரலை எண்களாக மாற்றி அனுப்புகின்றன. டி.எம்.ஆர். என்ற முறையில், ஒரே அலைவரிசையை 30 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் பேசும் வசதி உண்டு. முறையான ரகசியக் குறியாக்கமும் இவற்றில்தான் சாத்தியம். ஆனால் ஒரு குணம் உண்டு. அனலாக்கில் தூரம் கூடக் கூட இரைச்சல் மெல்ல மெல்லக் கூடும். கரகரப்புக்கு நடுவிலும் ஒரு வார்த்தையாவது புரியும். டிஜிட்டலில் கடைசி வரை தெளிவாகக் கேட்டு, திடீரென்று மொத்தமாக நின்றுவிடும்.

டவர் சாய்ந்த நாள்களில்...

2004 டிசம்பரில், பாரதி பிரசாத் தலைமையில் ஹாம் ரேடியோ குழு ஒன்று போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தமானிலிருந்து உலகெங்கும் உள்ள ஹாம் ரேடியோ ஆர்வலர்களோடு பேசுவதுதான் திட்டம். டிசம்பர் 26 காலை சுனாமி வந்தது. தொலைபேசித் தொடர்புகள் முறிந்தன. பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த ரேடியோ, அந்த நிமிடத்திலிருந்து தீவுகளின் குரலானது. யார் உயிரோடு இருக்கிறார்கள், என்ன உதவி தேவை என்ற செய்திகள் அந்த ரேடியோ வழியாகத்தான் கடல் கடந்தன. அவர்கள் பயன்படுத்தியது மேஜையில் வைக்கும் பெரிய ரேடியோ. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: நடுவில் டவர் இல்லை.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோதும் செல்போன்கள் பல இடங்களில் செத்துப்போயின. அப்போதும் ஹாம் தன்னார்வலர்கள் களத்தில் இறங்கித் தகவல் பரிமாறினார்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் ஆழ்கடலில் இருந்த மீனவர்களைச் சுருட்டிப் போட்ட பிறகு, படகில் தகவல் தொடர்புக் கருவி இருக்க வேண்டியதன் அவசியம் எல்லோருக்கும் உறைத்தது. கடலில் ஆபத்து என்றால் கூப்பிட 156.8 மெகாஹெர்ட்ஸ், அதாவது ‘சேனல் 16’, உலகம் முழுக்க ஒதுக்கப்பட்டிருக்கிறது. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு 2019 மறக்காது. 40 ஆண்டுகளுக்குப் பிறகு அத்தி வரதர் வெளியே வந்த ஆண்டு. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை சுமார் ஒரு கோடிப் பேர் வந்ததாகக் கணக்கு. நெரிசலில் உயிரிழப்புகளும் நேர்ந்தன. அப்படிப்பட்ட கூட்டத்தில் ‘இந்த வாசலை மூடு’, ‘ஆம்புலன்ஸுக்கு வழி விடு’ என்ற செய்தி ஒரு நிமிடம் தாமதமானாலும் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஆன்லைனில் வாங்கலாமா?

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பல பெட்டிகள் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் எங்கு வேண்டுமானாலும் பேசக்கூடியவை. 5 வாட்ஸ் வரை சக்தி. மேலே சொன்ன ‘சேனல் 16’ இதற்குள்தான் இருக்கிறது. அரசுத் துறைகளுக்கும் அவசர சேவைகளுக்கும் ஒதுக்கப்பட்ட அலைவரிசைகளும் இதற்குள் வரும்.

பட்டனைத் தெரியாமல் அழுத்தியபடி யாரோ பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் எழுந்திருக்கும் வரை அந்தச் சேனலில் வேறு யாரும் பேச முடியாது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பதே இதன் விதி. அது கல்யாண மண்டபத்துச் சேனலாக இருந்தால் சாம்பார் வாளி தாமதமாக வரும். ஆம்புலன்ஸ் அல்லது மீட்புப் படையின் சேனலாக இருந்தால்?

அதனால்தான் இந்தியாவில் ரேடியோ கருவி வைத்திருக்கவும் பயன்படுத்தவும் அனுமதி தேவை என்று 1933-லேயே சட்டம் வந்துவிட்டது. பொதுமக்களின் வசதிக்காகச் சில விலக்குகளும் உண்டு. 2018-ம் ஆண்டு விதிகளின்படி, 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறைந்த சக்தி வாக்கி டாக்கிகளுக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால், அந்த மாடலுக்கு மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு வழங்கும் ‘இ.டி.ஏ.’ என்ற கருவி ஒப்புதல் இருக்க வேண்டும்.

இந்த விவரங்களைச் சொல்லாமலே ஆன்லைனில் வாக்கி டாக்கிகள் விற்கப்படுவதைப் பார்த்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் இணைய வணிகத் தளங்களுக்கு 13 நோட்டீஸ்களை அனுப்பியது. அதே மாதம் விற்பனைக்கான வழிகாட்டு நெறிமுறைகளும் வெளியாயின. எந்த அலைவரிசையில் இயங்கும், லைசென்ஸ் தேவையா, ஒப்புதல் இருக்கிறதா என்பதை விற்பவர் தெளிவாகக் காட்ட வேண்டும். ‘எல்லோரும் விற்கிறார்களே’ என்பது வாங்குபவருக்குப் பாதுகாப்பு ஆகாது.

446 மெகாஹெர்ட்ஸ் போதாது, அதிகத் தூரம் வேண்டும் என்றால்? தொழிற்சாலைகள், செக்யூரிட்டி நிறுவனங்கள் செய்வது போல, அலைவரிசை ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, லைசென்ஸ் வாங்குவதுதான் நேர்வழி. விழாவுக்கு வாடகைக்கு எடுப்பவர்களும், வாடகைக்குக் கொடுப்பவரிடம் லைசென்ஸைக் கேட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ரேடியோவில் ஆர்வமா?

அவர்களுக்கான முறையான வழி ஹாம் ரேடியோ. 12 வயது நிறைந்த யாரும் தேர்வு எழுதலாம். ரேடியோ எப்படி வேலை செய்கிறது, விதிகள் என்ன என்பவைதான் பாடம். முதல் நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் தந்தி முறை தெரிய வேண்டியதில்லை. தேர்ச்சி பெற்றால் உலகத்தில் வேறு யாருக்கும் இல்லாத தனி அழைப்புப் பெயர் கிடைக்கும். இந்தியாவில் அது பெரும்பாலும் ‘வி.யூ.’ என்று தொடங்கும். ஹாம்களுக்கென ஒதுக்கிய அலைவரிசைகளில், லாப நோக்கம் இல்லாமல், மற்ற ஹாம்களோடு பேசலாம். கையில் பிடிக்கும் சின்னப் பெட்டியே ஆரம்பத்துக்குப் போதும்.

வாங்கும்முன்... பேசும்முன்...

* பெட்டியில் 446.0 - 446.2 மெகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஒப்புதல் எண்ணைக் கேளுங்கள். பில் வாங்குங்கள்.

* பேட்டரி எத்தனை மணி நேரம் என்பதைவிட எப்படிக் கணக்கிட்டார்கள் என்று கவனியுங்கள். 100 நிமிடத்தில் 5 நிமிடம் பேசி, 5 நிமிடம் கேட்டு, 90 நிமிடம் சும்மா இருந்தால் என்ற கணக்கு வழக்கம். அதிகம் பேசினால் சீக்கிரம் தீரும்.

* ‘டைம் அவுட்’ வசதியை ஆன் செய்யுங்கள். பட்டன் சிக்கிக்கொண்டாலும் குறிப்பிட்ட நேரத்தில் பேச்சு தானாகத் துண்டிக்கப்பட்டு, சேனல் மற்றவர்களுக்குக் கிடைக்கும்.

* பட்டனை அழுத்தி, ஒரு நொடி பொறுத்து, பிறகு பேசுங்கள். அழுத்திய உடனே பேசினால் முதல் வார்த்தை விழுங்கப்படும். ‘நிறுத்தாதே’ என்பதும் ‘நிறுத்து’ என்பதும் அரைகுறையாகக் கேட்டால் விபரீதம்தான். அதனால் அவசரக் கட்டளையை இரண்டு முறை சொல்லுங்கள்.

* மைக்கை வாயிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, சாதாரணக் குரலில் பேசுங்கள். கத்தினால் குரல் சிதறும்.

* முதலில் கூப்பிடுபவரின் பெயர், பிறகு உங்கள் பெயர், அதன் பிறகு செய்தி. மற்ற கதைகளுக்கு வாட்ஸ்அப் இருக்கிறது!

* ‘ரோஜர்’ என்றால் ‘செய்தி கிடைத்தது’ என்று மட்டும்தான் அர்த்தம். ‘செய்கிறேன்’ என்று அர்த்தமில்லை. சினிமாவில் வருவது போல ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று சொல்லாதீர்கள். ‘ஓவர்’ என்றால் பதிலுக்குக் காத்திருக்கிறேன். ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் என்ன செய்வார்?

ஐயம்பேட்டை வழியாகச் சாமி ஊர்வலம் போகும் சாலை யாருக்கும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பொது. சாமி வரும் நேரத்தில் அந்தச் சாலையின் நடுவில் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத வானலையும் அப்படி ஒரு பொதுச் சாலைதான். அதில் நாம் பேசாமல் விட்டுக்கொடுக்கும் ஒரு நிமிடத்தில், எங்கோ ஒரு படகிலிருந்தோ, வெள்ளத்தில் சிக்கிய மொட்டைமாடியிலிருந்தோ ஒரு குரல் வந்து சேர வேண்டியிருக்கலாம். அடுத்த முறை விழாக் குழுவுக்காக ஆன்லைனில் வாக்கி டாக்கி ஆர்டர் போடும்முன், அந்த 446-ஐ மட்டும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஓவர்!